ஏழு புள்ளி உயிர்

போன வியாழன் பதினொரு கோப்ளின்களை
ராய்ஸ் ஒரே மூச்சில் முடித்துவிட்டான்.
இல்லாத கோடரியை முழங்காலில் துடைத்து,
பீட்சாத் துண்டை மடித்து வாயில் திணித்துக்கொண்டு
"அடுத்து?" என்றான்.

அந்த "அடுத்து" என்னோடு லாரியில் ஏறிக்கொண்டது.
டுலூத்தின் மேட்டுத் தெருக்களில்
விடியும்வரை பனி தள்ளுவது என் பிழைப்பு.
ஒரு செதில் பனிக்கு எடையென்று ஒன்று கிடையாது,
கண்ணாடியில் விழுந்ததும் செத்துப்போகும்.
ஆனாலும் ஜனவரியில் இந்த ஊர்
அதற்குப் பயந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறது.
ஏரிக்கரைத் திருப்பத்தில் சக்கரம் வழுக்கியபோது
பிடிபட்டது எனக்கு:
அவற்றை நான் வெளிச்சத்தில்
வரிசையாக நிறுத்தியிருக்கிறேன்,
அறுப்புக்கு நிற்கும் சோளம்போல.

உயிரைக் கூட்டவில்லை.
ஏழு புள்ளி ஏழாகவே இருக்கட்டும்.
பல்லைத் தீட்டவில்லை, நஞ்சு தடவவில்லை
(சரி, ஒரே ஒரு அம்பில்).
பயத்தைக் கொடுத்தேன்.
சாக விருப்பமில்லாதவன் யோசிக்க ஆரம்பிப்பான்.

இன்றிரவு நிலவறையில்,
துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் உலைக்கும் நடுவே,
மேசைமேல் ஒரு சுரங்கம் வரைந்தேன்.
உயரம் மூன்றடி.
"குனிந்துதான் போகணும்."
"கோடரியை ஓங்க முடியுமா, வெர்னா?"
"முடியாது."
எரிவாயு பில்லைப் பார்ப்பதுபோல
ராய்ஸ் என்னைப் பார்த்தான்.

முதல் கல் யாரையும் அடிக்கவில்லை.
விளக்கை அடித்தது.
இருட்டுக்குள்ளிருந்து ராய்ஸின் குரல்,
ராய்ஸ் இல்லாத பக்கத்திலிருந்து:
"டாக்னி, இங்கே வா."
டாக்னி போனாள்.
இரவுப் பணிச் செவிலி; கூப்பிட்டால்
போய்த்தான் பழக்கம் அவளுக்கு.

குழி ஆழமில்லை. இடுப்பளவு.
அவளைத் தூக்க இருவர் குனிந்த நேரத்தில்
கயிறு போயிற்று, கோவேறு கழுதை போயிற்று,
ஷெங்கின் இடது காலணி போயிற்று.
துரத்தினார்கள். அவை ஓடின.
வீரனுக்குப் புறமுதுகு ஒரு பழி.
கோப்ளினுக்கு அது
தாழ்ப்பாள் இல்லாத கதவு.

முகாமிட்டார்கள்.
மணிக்கொரு தரம் தகரம் தட்டினேன்,
நிஜமாகவே, காபி டப்பாவில் கரண்டியால்.
தூங்காதவளுக்கு மந்திரம் ஊறாது.
விடியும்போது ஷெங்கிடம் மிச்சமிருந்தது
தீக்குச்சி அளவுக்கு ஒரு ஜுவாலை.
அதைக் கையில் வைத்துக்கொண்டு
கெட்ட வார்த்தை சொன்னாள், ஹ்மாங்கில்,
மரியாதையோடு.

கடைசி வாய்ப்பு ராய்ஸுக்கு.
இருபது முகப் பகடை மேசையில் நிற்காமல்
துவைக்கும் இயந்திரத்தின் அடியில் உருண்டது.
ஆறடி நாலங்குலத் தச்சன்
சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து,
கன்னத்தில் நூலாம்படை ஒட்ட,
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கவ்வி நுழைந்தான்.
வேறு யாருக்கும் அங்கே கண் எட்டாது.
எந்த எண்ணையும் சொல்லியிருக்கலாம்.
வெகுநேரம் கழித்து
"ரெண்டு" என்றது இடுக்கு.

பின்வாங்கினார்கள்.
நாலு வருடத்தில் அந்தச் சொல்
ராய்ஸின் வாயில் வந்ததில்லை.
செத்த கோப்ளின்கள் இரண்டு.
அவற்றுக்குப் பெயர் வைக்காதது
இப்போது உறுத்துகிறது.

வாசலில் மைனஸ் இருபத்தாறு.
ராய்ஸ் பூட்ஸை மாட்டுமுன்
இடது காலினுடையதை ஒருமுறை உதறிப் பார்த்தான்,
நான் கவனிக்கவில்லை என்று நினைத்து.
பிறகு கேட்டான்:
"என் குரல் எப்படித் தெரியும் அதுகளுக்கு?
போன வாரம் பார்த்ததுகளை எல்லாம்
நான்தானே முடிச்சேன்."

"எத்தனை?"

"பதினொன்று."

"எண்ணினது யார்?" என்றேன்,
குளிர் உள்ளே வருகிறதென்று
கதவைச் சாத்திக்கொண்டே.