முதல் அழுத்தம்

நாற்பத்திரண்டாம் கொண்டை ஊசி வளைவில்
பிரேக் மிதி கல்லாக நின்றது,
கார் நிற்கவில்லை.
விர்ஷிச் கணவாய்ச் சரளையில் சறுக்கி
ஒரு பைன் மரத்துக்கு ஒரு சாண் முன்னால்தான்
அதற்கு மனசு வந்தது.

மறுநாள் ஓஷ்பெய்
மூன்று பெட்டி பிரேக் பேட்களை மேசையில் வைத்தான்.
"இது பந்தயச் சரக்கு.
அறுநூறு டிகிரியிலும் அசராது."
ஆசையாகத்தான் இருந்தது.
"சூடேறும் வரை?"
"அதுவரை வெண்ணெய்" என்று சிரித்தான்.

என் வீட்டு கேட்டிலிருந்து
முதல் திருப்பம் இருநூறு அடி.
ரொட்டி அடுப்பு மூட்ட நான் கிளம்பும் நாலரை மணிக்கு
யேராவின் ஆடுகள் அங்கே
தார் சாலையில் படுத்திருக்கும்.
முந்நூறு குதிரை பூட்டிய வண்டி என்பதெல்லாம்
அவற்றுக்கு யாரும் சொன்னதில்லை.

நடுப்பெட்டியை என் பக்கம் இழுத்தேன்.
"கொஞ்சம் கீச்சிடும். சக்கரமெல்லாம் கரித்தூள்."
கீச்சிடட்டும்.
மணி கட்டியது போலாயிற்று,
ஆட்டுக்கு இல்லை, எனக்கு.

ஞாயிறு, சோச்சா ஆற்றோரம், ஆளில்லாத நேர்சாலை.
எண்பதிலிருந்து இருபதுக்கு,
முழுக்க நிறுத்தாமல், பத்து முறை
பதப்படுத்தச் சொல்லியிருந்தான்.
எட்டாவதில் கருகல் வாடை.
ரொட்டி தீய்கிறதென்று
கை தானாக அடுப்புக் கதவைத் தேடியது.

திங்கள். மூன்று டிகிரி.
கேட், இருட்டு, திருப்பம்.
பாதத்தை வைத்தேன்,
அவ்வளவுதான்.

விளக்கொளியில் ஒரு கிடா
அசைபோட்டபடி என்னைப் பார்த்தது.
எழுந்திருக்கவில்லை.