அறுநூறு

வெள்ளி இரவு புதிய பதிப்பை ஏற்றினேன்.
ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனி காலை எட்டு ஐம்பது.
ஐவார் கூப்பிடுகிறார்,
பாதி காற்று, பாதி குரல்:
"விடியும்போதே பாதையை அடைத்துவிட்டேன்.
உன் தளம் ஏன் இன்னும் திறந்திருக்கு என்கிறது?"

கடல் உறைந்தால் இந்தத் தீவுக்கு அதுதான் சாலை.
இரண்டரை டன்னுக்கு மேல் ஏறக்கூடாது.
சீட் பெல்ட் போடக்கூடாது,
பனி உடைந்தால் கதவைத் திறக்கக்
கை ஒழிவாக இருக்க வேண்டும்.
நேற்று சாயங்காலம் காற்று தெற்குக்கு மாறியது.
இப்போது பனிமேல் இரண்டு விரற்கடை நீர்.

உள்ளே போய்ப் பார்க்கிறேன்: 'மூடப்பட்டது'.
ஊர்வெ ஆறு நாற்பதுக்கே மாற்றிச் சேமித்திருக்கிறாள்.
வெளியே வந்து பார்க்கிறேன்: 'திறந்திருக்கிறது',
பக்கத்தில் ஒரு பச்சை வட்டம்.
துடைக்கும் பொத்தானை அழுத்துகிறேன்.
அது தன் வீட்டை மட்டும் துடைத்துக்கொள்கிறது.
மறுபடி திறந்தால்
பழைய குருடி, கதவைத் திறடி.

இது மாடிஸின் வேலை.
ஆறு வருடத்துக்கு முன், சர்வர் நோஞ்சானாக இருந்த காலத்தில்,
பனிப்பாதை திறக்கும் நாளில் நாடே வந்து முட்டும் என்று
தனியாக ஒரு கேச் எழுதினான்,
சுத்தமாக, நாற்பத்தெட்டு வரியில்.
மேலே ஒரு குறிப்பு: 'வேலை செய்கிறது. தொடாதே.'
அவன் இப்போது ஏதோ கப்பலில் எஞ்சின் பார்க்கிறான்.

சேமித்ததும் பழைய பக்கத்தை அழிக்க ஒரு கொக்கி.
கொக்கி அப்படியே இருக்கிறது.
அது மாட்டிக்கொள்ளும் வளையத்துக்குத்தான்
புதிய பதிப்பில் பெயர் வேறு.
யாரும் கூப்பிடாத ஒன்று
எப்படிப் பிழை சொல்லும்?

பெயரை மாற்றினேன்.
வட்டில் கிடந்த கோப்பை என் கையால் அழித்தேன்.
எட்டு ஐம்பத்தெட்டு. மூடப்பட்டது.
நாற்காலியில் சாய்ந்தேன்.

ஒன்பதரைக்கு மறுபடி ஐவார்.
"பதினொரு வண்டியைத் திருப்பிவிட்டேன்.
எல்லாரும் போனை நீட்டுகிறார்கள்.
ஒரு பெண், கூரையில் மெத்தை கட்டியிருக்கிறாள்,
என்னைப் பொய்யன் என்கிறாள்.
பச்சை, உர்மாஸ். என் கண்ணால் பார்த்தேன்."

முப்பத்தேழாவது வரி.
ஒரே ஒரு எண்: அறுநூறு.
பழைய பதிப்புக்கு அது நொடிக் கணக்கு,
பத்து நிமிடம் வைத்திரு, பிறகு வந்து கேள்.
புதியதுக்கு அது நிமிடம்.
பத்து மணி நேரம் கேட்கவே வேண்டாம் என்று
வந்த போனுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கிறது,
இரவு முழுக்க, காலையிலும்,
என் பெயரால்.

பத்து என்று திருத்தினேன்.
இரண்டு எழுத்து அழிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.
இனி வருபவர்களுக்குச் சரி.
வாங்கிப் போனவர்களின் பையில் இருப்பதை
எந்தக் கட்டளையால் அழிப்பது?
கடைசிப் பச்சை ஆறு ஐம்பத்தெட்டு வரை உயிரோடு இருக்கும்.
வெளிச்சம் அதற்கு முன்பே போய்விடும்.

தளத்தின் மேலே கொட்டை எழுத்தில் அறிவிப்பு போட்டேன்,
அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கப்போவதில்லை
என்று தெரிந்தே.
அக்கரைக் காவலுக்குப் போன் செய்தேன்.
பிறகு பிளாஸ்கில் காப்பி, இரண்டாவது டார்ச்.

கரையில் ஐவார் ஒன்றும் கேட்கவில்லை.
கயிற்றின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார்.
பனி அடியில் எங்கோ முனகியது,
கதவு இல்லாத வீட்டில் கீல் மட்டும் அசைவதுபோல.

ஐந்தே முக்காலுக்கு ஒரு வண்டி.
கண்ணாடி இறங்கியது.
ஆள் பேசவில்லை, போனைத்தான் நீட்டினான்.
இருட்டில் அது மட்டும் பச்சையாக எரிந்தது.
"தெரியும்," என்றேன்,
"அது நான்தான்."