தைத்த அரிசி

டைம் ஆபீசில் ஒரு மைக்ரோவேவ் உண்டு.
ஓய்வு பெற்ற போர்மேன் விட்டுப்போனது.
இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால்தான்
கதவு பூட்டும்.
போன வாரம்வரை அதற்கு
டீயைத் தவிர வேறு வேலை தெரியாது.

தலைகுந்தாவில் புல் வெளுத்த அன்று
போஜன் டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்.
கை அவருடையது, எழுத்து வேறு யாருடையதோ.
ஸ்டியரிங்கைத் தொட்டா
ஐஸ்பெட்டி மீனைத் தொட்ட மாதிரி இருக்கு மேடம், என்றார்.
அஸ்கர் சிரித்தார்,
வெடித்த உதட்டைப் பொத்திக்கொண்டு.

அன்றைக்குத்தான் அளந்தேன்.
ரேஷன் புழுங்கல் ஐந்து கிலோ.
பைக்கு அரைக் கிலோ, ஆக பத்து.
விடியலில் வண்டி எடுப்பவர்கள் ஒன்பது பேர்.
என் கணக்கில் எட்டு.

காக்கித் துணி ஆகாது,
பாலியெஸ்டர் கலந்தது, உருகும்.
ஜிப் கூடாது, பட்டன் கூடாது,
பளபளக்கும் நூலும் கூடாது.
அகப்பட்டவை இரண்டு தலையணை உறை,
ஒரு பருத்தி வேட்டி.
அதை வீட்டில் இனி யாரும் கட்டப்போவதில்லை என்று
போன வருஷமே கோர்ட்டில் முடிவானது.

முக்கால் பைதான் நிரப்ப வேண்டும்.
நிறைந்த பை கழுத்தில் செங்கல்.
அரிசிக்குப் புரண்டு படுக்க இடம் விட்டால்
தோளில் வழிந்து உட்காரும்.
நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு.
மூன்றாவது விழுந்தால் ஆஸ்பத்திரி வார்டு.

முதல் பையை மூன்று நிமிடம் வைத்தேன்,
பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்க மறந்து.
உள்ளே பொரி வெடித்தது.
ஆபீஸ் முழுக்கக் கார்த்திகை வாசம்,
பிறகு கருகல்.
இனி இரண்டே நிமிடம்.

அடுத்து எட்டைத் தைத்து முடித்தபோது
அரைக் கிலோ மிஞ்சியது,
துணியும் ஒரு துண்டு.

தங்கையா.
என் மேல் மனு எழுதியவர்.
எட்டு வரி. தேதி, மணி, சாட்சி எல்லாம் உண்டு.
டிரிப் ஷீட் கொடுக்க ஏழு நிமிடம் தாமதம்.
அது உண்மை என்பதுதான் என் கோபம்.

இரண்டாவது பை கோணல்,
மூன்றாவதில் மூலை பிதுங்கல்,
ஆறாவதில் நூல் இரண்டு முறை அறுந்தது.
பத்தாவதற்குள் கை பழகிவிட்டது.
ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு தையல்.
அவருக்கா இது?
நூலைக் கடித்து அறுத்தேன்.

யார் பெயரும் எழுதவில்லை.
ட்ரேயில் அடுக்கி மேலே ஒரு சீட்டு வைத்தேன்:
இரண்டு நிமிடம். சமைக்கக் கூடாது.

நாலரைக்கு முதலில் வருவது
மசினகுடி சின்ன பஸ் டிரைவர். அவர்தான்.
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தார்
சந்தையில் முட்டைகோஸ் பார்ப்பது போல.
கடைசியில் எடுத்தது அந்தக் கோணலை.
(நேர்த்தையல் போஜனுக்குப் போயிற்று.
அவர் தையலைப் பார்க்கவேயில்லை.)

உள்ளே தட்டு சுற்றியது. நாங்கள் பேசவில்லை.
இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று
டைம்கீப்பருக்கே அன்றுதான் தெரிந்தது.
மணி அடித்ததும்
வடித்த சோற்று வாசம்.
அவர் வயிறு சத்தம் போட்டது.
இரண்டு பேருக்கும் கேட்டது.

சாயங்காலம் டிரிப் ஷீட் வந்தது.
குறிப்பு என்ற கட்டத்தில்
பிரேக் சத்தம், இடது வைப்பர்,
அதற்குக் கீழே அதே மனுக் கையெழுத்தில்
பை: கல்லட்டி இறக்கத்தில் பதினொன்றாம் வளைவு வரை சூடு.
குளிர் விடுவது பதினைந்தில்.

இதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது?
ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினால் சிரிப்பார்கள்.
நாளைக்கு அரை நிமிடம் கூட்டி வைப்பேன்,
டம்ளர் தண்ணீரோடு.

எழுதிக் கொடுக்க மாட்டேன்.