ஒத்துழைக்கவில்லை

வாசலில் ஒரு கறுப்புக் கால்மிதி.
அதைத் தாண்ட மாட்டாள் மரகதவல்லி.
"கிணறு" என்பாள்,
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு.

கோப்பைக்குப் பக்கத்தில் தேநீர் ஊற்றினாள்.
வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு
தொடாமலே ஆறிக் கிடந்தது.
மறதி என்றார்கள். நானும் மறதி என்றேன்.
எது சிந்தினாலும் எது உடைந்தாலும்
அந்த ஒரு சொல்லைத்தான் துணியாகப் போட்டுத் துடைத்தோம்.

மருமகன் லீவு போட்டுக் காரெடுத்தான்,
பீடோரிலிருந்து தெலுக் இந்தானுக்கு.
பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம்.
ஒலிபெருக்கி எண் கூப்பிடும்போதெல்லாம்
இவள் எழுந்து நின்றாள்.
உட்காரவைத்தேன். எழுந்தாள்.
எத்தனை தடவை என்று பிறகு எண்ணவில்லை.

இருட்டறை. வெளிச்சப் பலகை.
"இது என்ன எழுத்து, ஆண்ட்டி?"
டாக்டர் சின்னப் பெண், குரலில் குறையில்லை.
இவள் எழுத்தைப் பார்க்கவில்லை,
எழுத்தைக் காட்டிய குச்சியைப் பார்த்தாள்.
பிறகு குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள்.

கோப்பில் மலாயில் ஒரு வரி விழுந்தது:
ஒத்துழைக்கவில்லை.
வெளியே இன்னும் எழுபது பேர்.
யாரைக் கோபிப்பது?

சக்கர நாற்காலி தள்ளுகிறவர்தான் கேட்டார்,
நல்ல மனிதர், நம்ம ஆள்தான்:
"கண்ணாடி போட்டு என்னங்க,
பேப்பரா படிக்கப் போறாங்க?"
அப்போது வாயடைத்துப் போனேன்.
லங்காப் தாண்டியபோதுதான் பதில் வந்தது.
படிக்க மாட்டாள் ஐயா.
பார்ப்பாள்.
காரில் மருமகன் மட்டும் இருந்தான்.
அவனிடம் சொன்னேன்.

நம்ம ஊரிலேயே, கொய்யா விற்கும் சந்திக்கு எதிரே
யோங் மே ஃபூன் கண்ணாடிக் கடை.
"எந்த நேரத்தில் அமைதியா இருப்பாங்க?" என்றாள்.
இதுவரை யாரும் கேட்காத கேள்வி.
காலையில், பசியாறியபின், பத்து மணிவரை.
"அப்போ அதுதான் என் நேரம்."

மறுநாள் எங்களுக்காகக் கடையைப் பாதி சாத்தினாள்.
விசிறியை நிறுத்தினாள், வானொலியை நிறுத்தினாள்.
சின்ன விளக்கொன்றைக் கண்ணுக்குள் பாய்ச்சி
இடமும் வலமும் அசைத்தாள்.
"அவங்க பதில் சொல்ல வேண்டாம், அங்கிள்.
கண்ணே சொல்லிடும்."

கண் சொன்னது.
வலதில் புரை முற்றியிருந்தது.
இடதுக்குக் கண்ணாடி போதும்,
ஏழு வருடமாய்ப் பழைய கண்ணாடியில் இருந்திருக்கிறாள்.
ஏழு வருடம். நான்தான் கூட இருந்தேன்.

போகிற போக்கில் ஒரு எண் அட்டையை நீட்டினாள் மே ஃபூன்.
இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
"நாலு. ஏழு. எட்டு. மூணு."
பிறகு என் பக்கம் திரும்பி, அதட்டலாக,
"வெறும் லாரியைத் திரும்பி வரச் சொல்லுங்க.
கழிச்சாத்தான் கணக்கு."

செம்பனை ஆலையின் எடைமேடையில்
முப்பத்தொரு வருடம் இருந்தவள்.
குலை ஏற்றிய லாரி ஒரு தரம்,
இறக்கிய லாரி ஒரு தரம்,
இரண்டுக்கும் நடுவே அவள் கையெழுத்து.
மே ஃபூனுக்கு இது புரிந்திருக்காது.
ஆனாலும் தலையாட்டினாள்.

அறுவைக்குத் தேதி பத்து மாதம் தள்ளி.
"அசையாமல் படுத்திருப்பாங்களா?" என்று
ஆஸ்பத்திரியில் மறுபடி கேட்டார்கள்.
தெரியாது என்றேன். உண்மை அதுதான்.
மயக்க மருந்து தருவதா வேண்டாமா என்று
அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.
தேதியை நாட்காட்டியில் எழுதிச்
சாமி படத்துக்குப் பின்னால் இன்னொரு தடவை எழுதினேன்.
இந்த வீட்டில் மறக்காமலிருக்கும் வேலை என்னுடையது.

கால்மிதி குப்பைக்குப் போனது.
நீலத் தட்டு வாங்கினேன். சோறு காலியாகிறது.
புதுக் கண்ணாடி அரிசி டப்பாவில் கிடைத்தது,
பிறகு குளிர்பெட்டியில், முட்டைகளோடு.
இப்போது கயிறு கட்டிக் கழுத்தில்.

முதல் நாள் அதைப் போட்டுவிட்டபோது
என்னை வெகுநேரம் பார்த்தாள்.
பெயர் வருமென்று காத்திருந்தேன்.
ஆசைதான்.
"யார் வீட்டு ஆளு நீங்க?" என்றாள்.
பிறகு கண்ணைச் சுருக்கி,
"சட்டையிலே பொத்தான் மாறியிருக்கு."

குனிந்தேன். மாறித்தான் இருந்தது.
எல்லாவற்றையும் கழற்றி
மேலிருந்து போட ஆரம்பித்தேன்.
"கீழேயிருந்து போடுங்க" என்றாள்.