தொண்ணூறு நாள்

கிசுமுவில் ஏரிக்காற்று எழும் முன்பே
வாசலுக்கு மூட்டைகள் வந்துவிடுகின்றன.
நெரியா கொண்டுவந்தது நாற்பத்தொரு கிலோ.
அதில் ஐந்து கிலோ தண்ணீர் என்று
அப்போண்டிக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியும் என்று நெரியாவுக்கும் தெரியும்.
"ராத்திரி மழை" என்கிறாள்.
மழை பெய்து ஒன்பது நாளாகிறது.

பேரம் முப்பத்தெட்டில் நிற்கிறது.
பணம் இன்றே வேண்டும், சில்லறையானாலும் சரி.
நெரியாவின் அடுப்பு
மாலை ஆறு மணிக்குக் கணக்குக் கேட்கும்.
நைரோபியில் பாட்டில் வார்க்கும் கம்பெனியோ
தொண்ணூறு நாள் கழித்துத் தருவேன் என்கிறது.
ஆறு மணிக்கும் தொண்ணூறு நாளுக்கும் நடுவே
ஒரு தகரக் கொட்டகை,
கடனில் வாங்கிய அரவை இயந்திரம்,
அப்போண்டி, அவள் பங்காளி ஒலுவோச்.
பங்காளி என்றால்
சண்டைக்கும் சேர்த்துத்தான்.

செவ்வாய்க்கிழமை
ஒரே ஒரு பி.வி.சி. பாட்டில்
பதினான்கு கண்களுக்குத் தப்பி உள்ளே போனது.
கண்ணாடிபோல் விழவேண்டிய குருணை
பழுப்பாய் விழுந்தது, கரும்புள்ளிகளோடு.
முந்நூறு கிலோ.
ஒலுவோச் ஒரு கை அள்ளி
கெட்ட பாலை முகர்வதுபோல முகர்ந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை மின்சாரம் இல்லை.
மணல் தின்று மழுங்கிய கத்திகளுக்கு மாற்று
மொம்பாசா துறைமுகத்தில்
யாரோ போடவேண்டிய கையெழுத்துக்காகக்
காத்துக் கிடக்கிறது.

வியாழக்கிழமை, எங்கோ ஒரு பாலைவனத்தில்
குழாயைக் கொஞ்சம் கூடுதலாய்த் திறந்தார்கள் போலும்,
கச்சா எண்ணெய் இறங்கியது.
புதுப் பிளாஸ்டிக் இப்போது
பழையதைவிடக் கிலோவுக்குப் பதினொரு ஷில்லிங் மலிவு.
பாட்டில் கம்பெனி எழுதுகிறது:
தங்கள் பணியைப் பெரிதும் மதிக்கிறோம்.
இந்த மாதம் வேண்டாம்.

என் மொழியில் இதற்கு நெகிழி என்று பெயர்.
இருநூற்று அறுபது பாகைச் சூட்டில்
சொன்னபடி நெகிழும்.
வங்கி மேலாளர் ஒங்கேரி
குளிரூட்டிய அறையில் இருந்தார்.

"ஈடு என்ன வைத்திருக்கிறீர்கள்?"
"இயந்திரம்."
"அது எங்கள் கடனில் வாங்கியது."
"சரக்கு. நான்கு டன்."
அவர் ஜன்னல் வழியே பார்த்தார்.
தெருவோரச் சாக்கடையில் அதே சரக்கு
கேட்பாரின்றி மிதந்துகொண்டிருந்தது.
வட்டப் பொருளாதாரம் என்று
அவள் வரைந்து கொண்டுபோன படத்தில்
அம்புக்குறிகள் அழகாகத் திரும்பி வந்தன.
கொட்டகையில்
நாள் தவறாமல் திரும்பி வருவது
வட்டி மட்டும்தான்.

எழுந்தபோது மேசையில் மூன்று காலிப் பாட்டில்கள்.
அவருடையது, உதவியாளருடையது,
அவள் குடித்தது.
கை தானாகப் போயிற்று.
"இவற்றை எடுத்துக்கொள்ளட்டுமா?"
கடன் கேட்டபோது வராத வெட்கம்
அப்போது வந்தது.

மட்டாட்டு வேனில் திரும்பும் வழியெல்லாம்
கழுத்து வளையங்களைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.
நீல மூடி தனி, லேபிள் தனி.
பக்கத்து இருக்கைக்காரர்
பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

வாசலில் நெரியா
தன் மூட்டைமேலேயே உட்கார்ந்திருந்தாள்.
ஒலுவோச் மோட்டார் சைக்கிளை விற்கப் போயிருப்பதாகச் சொன்னாள்.
"வாங்குகிறவனுக்குத்
தொண்ணூறு நாள் தவணை கொடுத்துவிடாதே
என்று சொல்லி அனுப்பினேன்."

அப்போண்டி மூன்று பாட்டில்களையும்
தராசில் வைத்தாள்.
முள் அசைந்ததா என்று
இருவரும் குனிந்து பார்த்தார்கள்.