வட்டை விதானைக்குப் பதிலாக ஒரு செயலி

கட்சிக் கந்தோர் என்றால்
சம்மாந்துறையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே
தகரம் போட்ட அறை.
மழை வந்தால் தோழர் ஆதம்பாவா
என் மடிக்கணினிக்குக் குடை பிடிப்பார்,
இரண்டு கம்பி உடைந்த கறுப்புக் குடை.
தனக்குப் பிடிக்க மாட்டார்.

அங்கே இருந்துதான் எழுதினேன்.
பதினொரு இரவு, கணக்கில்லாத பிளேன்ரீ.
துருசில் ஒரு உணர்கருவி, ஒரு கமரா,
வாய்க்கால் முடிகிற கண்டத்தில் இன்னொரு கருவி,
இடையில் என் கணக்கு.
கல்லோயாத் தண்ணி இனி முகம் பார்க்காது.
போடியார் வீட்டுக் கலியாணத்தில் சாப்பிட்டு வந்து
நடுச்சாமத்தில் கதவைத் தூக்கிவிடும் விதானை போல
நன்றிக்கடன் தீர்க்காது.
கூட்டத்துக்குப் பிந்தியும் வராது.
(கடைசி வரி தோழர் சொல்லிச் சேர்த்தது.)

எந்திரத்தில் அவருக்கிருந்த நம்பிக்கை
என்னுடையதைவிட மூப்பு.
ஆறாம் வகுப்புக் கொப்பிக்கு உறை போட்ட
மொஸ்கோவின் வழுவழுத்த தாளில்
உழவு இயந்திரத்தில் இருந்து ஒரு பெண் சிரித்தாளாம்.
"கோதுமை அவட இடுப்புக்கு மேல, மகன்."
அவள் ஓட்டிக்கொண்டு வருவாள் என்று
நாற்பது வருஷம் பார்த்திருந்தார்.
வந்தது சுனாமி மெசின்.
அறுவடைக்கு அந்தப் பெயரை வைத்தவன் யாரோ,
கைகுலுக்க வேண்டும் அவனோடு.
வெட்டுக்காரர் இருபது பேரின் பகலை
அது காலைச் சாப்பாட்டுக்கு முன்னே முடித்தது.
தாக்கத்தி
எங்கள் கொடியில் மட்டும் மிச்சம்.

சிறுபோகக் கூட்டத்தில் திரையை விரித்தேன்.
நீலக் கோடு, பச்சைக் கோடு.
கை தட்டினார்கள்.
முன்வரிசையில் கதிர்காமப்போடியார்
எல்லாரையும்விட உரக்கத் தட்டினார்.
அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏக்கருக்கு இத்தனை மணித்தியாலம்.
எல்லா ஏக்கரும் சமம்.
எண்பது ஏக்கருக்கு எண்பது பங்கு,
ஒன்றரைக்கு ஒன்றரை.
ஒரு சொட்டுப் பிசகில்லை.

பின்னால் இருந்து தவமலர் எழும்பினா.
மல்வத்தைக்கு அங்கால், வாய்க்கால் களைத்துப் போகிற இடத்தில்
வாய்ப்பேச்சில் குத்தகை.
போனை என் பக்கம் நீட்டினா.
"பேமிட் நம்பர் கேக்குது."
"போடுங்க அக்கா."
"பேமிட் போடியார்ட பேரிலதானே."
"அப்ப அவர்ட நம்பரைப் போடுங்க."
"போட்டன்.
வணக்கம் கதிர்காமப்போடியார் எண்டுது."

மண்டபம் சிரித்தது.
போடியார் எழும்பி நின்று திருப்பி வணக்கம் சொன்னார்.
நான் திரையைப் பார்த்தேன்.
என் எழுத்துரு அழகாகத்தான் இருந்தது.

அன்றிரவே ஒரு புதுக் கட்டம் திறந்தேன்:
செய்கை பண்ணுபவர் பெயர்.
அரை மணித்தியால வேலை.
திணைக்களத்துக்கு அனுப்பினேன்;
உறுதி இணைக்கவும் என்று பதில் வந்தது.
உறுதி இல்லாதவருக்காகத்தான் அந்தக் கட்டம் என்று எழுதினேன்.
உறுதி இணைக்கவும்.

வைகாசி.
கடைக்கண்டத்துக் கருவி
மணிக்கு மணி அனுப்பிக்கொண்டே இருந்தது:
பூச்சியம். பூச்சியம். பூச்சியம்.
யாரும் பொய் சொல்லவில்லை.
யாரும் கை நீட்டவில்லை.
பயிர் நேர்மையாகக் கருகியது.

பிறகு ஒரு நாள் இரவு இரண்டு பத்துக்குப்
போன் அதிர்ந்தது.
துருசு நான்கு. அத்துமீறல்.
கதவு கையால் தூக்கப்பட்டுள்ளது.
படம் இணைக்கப்பட்டுள்ளது.

திறந்தேன்.
முகமில்லை, ஆளில்லை.
வானத்தில் ஒரு மேகமும் இல்லாத அந்த இரவில்
படம் முழுக்கக் கறுப்புத் துணி,
அதன் நடுவே
உடைந்த இரண்டு கம்பி.

விதானைக்கு அறிவிக்கவா என்று கேட்டது.
ஆம், இல்லை என்று
இரண்டு பொத்தான்தான் வைத்திருந்தேன்.
போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுத்தேன்.
நித்திரை வரவில்லை.
விடிய ஐந்து மணிக்குக்
கடைக்கண்டத்துக் கருவி
முதல் தடவையாக வேறொரு எண் அனுப்பியது.

காலையில் கந்தோர்ப் படியில்
சாரனின் விளிம்பில் சேறு காய்ந்திருக்க
தோழர் கேட்டார்,
"உங்கட கமரா வேலை செய்யிதா, மகன்?"
"செய்யுது, தோழர்."
"நல்லம்" என்றார்.
"விஞ்ஞானத்தைக் கைவிடப்படாது."