வீடு எண் மூன்று

எங்களுக்கு ஐந்து நிமிடம்.
முன்னால் பேசியவர்கள் தேவகோட்டை ட்ரோன்காரர்கள்.
அவர்கள் மருந்தடித்த தென்னந்தோப்பின் மேல்
கைதட்டல் இன்னும் பறந்துகொண்டிருந்தது.

காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்றைய வரவேற்பின் தெர்மாகோல் எழுத்துகளில்
மாப்பிள்ளை பெயரை மட்டும் உரித்திருந்தார்கள்.
பெண் பெயர் மேல் ஸ்பான்சர் பேனர்:
ஒரு நகைக்கடை, ஒரு சிமெண்ட்,
ஒரு வங்கி, ஒரு முறுக்கு கம்பெனி.

"இந்த வட்டாரத்தில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது,
யாரும் எண்ணவில்லை.
நாங்களும் எண்ணவில்லை.
நாற்பது சாவி கேட்டோம். ஏழு கிடைத்தது."
சிரித்தார்கள்.
கண்ணாடி முன் நின்று
நான் ஒத்திகை பார்த்த இடத்திலேயே சிரித்தார்கள்.

தீப்பெட்டி அளவுக் கருவி.
சுவரோடு காது வைத்துக் கேட்கும்,
கரையான் தேக்கைத் தின்பதை,
ஓட்டுக்கடியில் மழை இறங்குவதை,
வௌவால் குடிவருவதை.
கேட்டதை, மலேசியாவிலோ மயிலாப்பூரிலோ இருக்கும்
பங்காளிகள் அத்தனை பேர் போனுக்கும்
அதே நொடியில் சொல்லிவிடும்.
"வீட்டுக்கு முப்பத்தாறு பங்கு என்றால்
முப்பத்தாறு சந்தா" என்றேன்.
வங்கிக்காரர் அப்போதுதான் பேனா மூடியைத் திறந்தார்.

நடு நாற்காலியில் வயிரவன்.
சிங்கப்பூரில் கப்பல் உதிரிபாகம்,
இங்கே மூன்று கம்பெனியில் முதலீடு.
"ஸ்லைடு போதும்மா.
ஓடுதா? ஓட்டிக் காட்டு."

பிரிட்டோ நான்கு இரவு தூங்காதவன்.
வீடு எண் மூன்றைத் திரைக்குக் கொண்டுவந்தான்.
பள்ளத்தூர். நாகரிகம் கருதிப் பெயரை மறைத்திருந்தோம்.
கோடு படுத்துக் கிடந்தது.
ஒன்றும் நடக்காத வீட்டைக் காட்டி
எப்படிப் பணம் கேட்பது என்று
நான் எச்சில் விழுங்கியபோது
ஒரு முள் எழுந்தது.
இன்னொன்று.
பிறகு சீராக, கூலிக்கு வந்தவன் கை போல.

கரையான் இப்படித் தின்னாது.

எங்களைக் கேட்காமலே திரை எழுதியது:
இரண்டாம் கட்டு. உளிச் சத்தம். 11.42.
மண்டபக் கடிகாரத்திலும் 11.42.
கூட்டம் எழுந்து தட்டியது,
எல்லாம் எங்கள் ஏற்பாடு என்று நினைத்து.

அப்போது நடுவர் மேசையில் ஒரு போன் ஒலித்தது.
வயிரவனுடையது.
ஸ்பான்சர் வரிசையில் இன்னொன்று.
நகைக்கடை முதலாளியுடையது.
(சென்னைப் பங்காளி ஒருவர்
எண்களை எல்லாம் பட்டியலாக அனுப்பியிருந்தார்,
பெயர் போடாமல்.)

வயிரவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
இரண்டு தடவை படித்தார்.
முதலாளி, திரையைக்கூடப் பார்க்காமல்
பையில் கைவிட்டு அணைத்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்களா?
எனக்குத் தெரியாது.
நான் பெங்களூர் நடுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவருக்கு எதுவும் புரியவில்லை, பாவம்.
மைக்கை வாங்கிக் கேட்டார்:
"உங்கள் எக்ஸிட் என்ன?
எந்த வழியாக வெளியேறுவீர்கள்?"

நான் வாயைத் திறக்குமுன் திரை சொன்னது:
பின்வாசல் திறந்தது. 11.46.

முதல் பரிசு ட்ரோனுக்கு.
எங்களுக்கு ஆறுதல் பரிசு, வெள்ளி முலாம் குத்துவிளக்கு.
கொடுத்தவர் நகைக்கடை முதலாளி.
போட்டோவுக்குச் சிரித்தபடியே சொன்னார்,
"நல்ல கருவி. சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."
வயிரவன் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.
அவர் மதிப்பெண் தாளில்
'சந்தைத் தேவை' என்ற கட்டத்தில் மட்டும் பத்து.
மற்றவை வெற்று.

ராத்திரி,
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பரோட்டா ஆறிக்கொண்டிருக்க,
பிரிட்டோ சர்வரைப் பார்த்தான்.
வீடு எண் மூன்று.
செய்தி போனது முப்பத்தாறு பேருக்கு.
படித்தவர் முப்பத்தைந்து.
என்ன ஆச்சு என்று கேட்டவர்
எவருமில்லை.

படிக்காத அந்த ஒருவர் யாரென்று
எங்களுக்குத் தெரியும்.

ஏழாவது ஸ்லைடைத் திறந்தோம்.
தலைப்பு: 'நம் வாடிக்கையாளர் யார்?'
அதன் கீழே வீட்டு உரிமையாளர்கள் என்றிருந்ததை
பிரிட்டோ ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.
நான் குத்துவிளக்கைத் தள்ளிவைத்துவிட்டு
சால்னா இன்னும் கொஞ்சம் கேட்டேன்.